மடற்குழுவைப் பூட்டும் நாள்

புதுப் பல் செட்டைப் போட்டுக்கொண்ட பெரியவரை அவள் மூன்று சொற்கள் சொல்லச் சொன்னாள். ஐஸ், பஸ், கேஸ். முதல் சொல் ஒழுங்காக வந்தது. இரண்டாவதில் கடைசி எழுத்தோடு கூடவே மெல்லிய விசில் ஒன்று கிளம்பியது. “யாரை விசிலடிச்சுக் கூப்பிடறீங்க?” என்றாள். பெரியவர் சிரித்தார், சிரிப்பிலும் விசில் இருந்தது. செட்டைக் கழற்றி வாங்கி, மேல் முன்பற்களின் பின்புறத்தை நகக்கண் அளவு தேய்த்தாள். பல் செய்கிறவள் பெரும்பாலும் நோயாளியின் முகத்தையே பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அவள் காது நல்ல காது என்று டாக்டருக்குத் தெரியும். அதனால் உள்ளே கூப்பிட்டுவிடுவார். மேசை இழுப்பறைக்குள் அவளுடைய செல்பேசி பொறியில் மாட்டிய எலி மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எண்பத்தேழு செய்திகள்.

அந்தக் காதுதான் பதினொரு வருடம் முன்பு அவளை இதில் இழுத்துவிட்டது. கணினித் திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் உள்ளே புகுந்து திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. ஏதோ ஒரு நாள் அது பேசுவதைக் கேட்டுவிட்டு, ‘உங்கள் குரலுக்கு முன்பல் சரியில்லை’ என்று அவர்களுடைய மடற்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரு முகவரிக்கு எழுதினால் குழுவில் உள்ள எல்லாருக்கும் மின்னஞ்சலாகப் போகும், அதுதான் மடற்குழு. நான்கு நாள் கழித்து நான்கு பேர் பதில் போட்டார்கள். அன்று முதல் அங்கே அவள் பெயர் பல்லக்கா. மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துபோக, இப்போது மடற்குழுவின் சாவிக்கொத்து அவளிடம்.

மூன்று மாதம் முன்பு எல்லாரும் அரட்டைச் செயலிக்குக் குடிமாறினார்கள். மாற்றியவன் ‘வேகம்’. பேருந்து நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவன். யாரும் வைக்காமலே அவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெரியவர் மூன்று சொல்லையும் சுத்தமாகச் சொல்லிவிட்டுப் போனதும் அவனே அழைத்தான். “அக்கா, அந்தப் பழைய மடற்குழுவ இன்னும் மூடலியா? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சொல்லணுமாம் சர்வர்காரங்களுக்கு.”

“மூடறேன்பா. ஒரு பட்டன்தானே.”

“ரெண்டு எடத்துல பேசினா ஒண்ணும் உருப்படாதுக்கா. கடுதாசி எழுதிட்டுக் காத்திருக்க இப்ப யாருக்கு முடியுது? மூணு மாசத்துல ஏழு பேரு புதுசா வந்திருக்காங்க. அங்க ஏழு வருஷத்துல ஏழு பேரு வந்தாங்களா?”

அவன் சொன்னதில் பொய்யில்லை. அவளுக்கும் அரட்டை பிடித்திருந்தது. கேட்டவுடன் பதில், சிரிப்புப் படங்கள், பேருந்தில் நின்றுகொண்டே ஒரு விவாதத்தை முடித்துவிடலாம். மாறலாமா என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவளே அவள்தான்.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். சர்வர்காரர்கள் அனுப்பிய பக்கத்தில் இரண்டே பட்டன்கள். தொடர்க. மூடுக. எதிரே கணவர் கிரீஸ் கறை போகாத விரல்களால் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்.

“என்ன, பட்டனையே பாத்துக்கிட்டிருக்க? மாடி வரப்போகுதா?”

“ஒரு குழுவ மூடணும். மூணு மாசமா யாரும் அங்க போறதில்ல.”

“உள்ள ஆள் இருக்கான்னு பாத்தியா?”

“அதான் யாரும் போறதில்லன்னு சொன்னேனே.”

“போறதில்லன்னு நீ சொல்ற. நாங்க கரண்டை நிறுத்தறதுக்கு முன்னால ஒவ்வொரு மாடியா ஏறி, கதவைத் தட்டி, ‘உள்ள யாராவது இருக்கீங்களா’ன்னு கத்துவோம். காலி லிஃப்ட்டுன்னு ஊரே சொன்னாலும் கத்துவோம். ஒருதரம் ஒரு டைப்பிஸ்ட் அம்மா உள்ள ஒக்காந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருந்தாங்க.” தேநீரை நீட்டினார். “உங்க சாஃப்ட்வேருக்குப் பேச வருது. கேக்கத்தான் யாருக்கும் வரல.”

அவர் வாயை அடைப்பதற்காகவே மின்னஞ்சலில் மடற்குழுவின் கோப்புறையைத் திறந்தாள். குழுக் கடிதங்கள் தாமாகவே அதற்குள் போய்விழும்படி எப்போதோ செய்துவைத்தது. அரட்டை வந்தபின் ஒருநாளும் எட்டிப்பார்க்கவில்லை. திறந்ததும் தடித்த எழுத்தில், படிக்கப்படாமல், ஒன்பது கடிதங்கள். ஒன்பதும் ஒரே ஆளிடமிருந்து. ‘காது’ என்று மட்டும் கையெழுத்துப் போடுகிறவர். பல வருடங்களாகக் குரலின் பிழைகளைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறவர். அவர் பிழை என்று சொல்லி அது பிழையில்லாமல் போனதே இல்லை. அரட்டைக்கு வராததால், அவருக்கு அலுத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

முதல் கடிதம் நிறுத்தக்குறியில் குரல் மூச்சு வாங்குவதில்லை என்றது. நான்காவது கடிதத்தில் இப்படி இருந்தது: ‘சோதனைப் பதிப்பு எண்களுக்கு நடுவே வரும் புள்ளியை விழுங்குகிறது. 2.5 மில்லி மருந்து என்பதை 25 மில்லி என்று படிக்கிறது. வெளியிடுவதற்கு முன் தயவுசெய்து கவனிக்கவும்.’ ஐந்திலும் அதுவே. ஆறிலும் அதுவே. ஒன்பதாவது கடிதத்தில் ஒரே வரி: ‘யாராவது இருக்கீங்களா?’

புதிய பதிப்பு திங்கட்கிழமை வெளியாவதாக இருந்தது. அவளுடைய தேநீரில் ஆடை படிந்தது.

வேகத்திடம் சொன்னாள். எங்கிருந்து தெரிந்தது என்றுகூடக் கேட்காமல் அரட்டையில் நான்கு பேரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரத்தில் புள்ளியைச் சரிசெய்துவிட்டான். மடற்குழுவில் அதற்கு நான்கு நாள் ஆகியிருக்கும். அதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

கடிதத்தின் அடியில் ‘வேலை நேரத்தில்’ என்று ஒரு தொலைபேசி எண் இருந்தது. வியாழக்கிழமை காலையில் அழைத்தாள்.

“வணக்கம், மருத்துவமனை. யார்கிட்ட பேசணும்?”

“காது கிட்ட...”

“காது மூக்கு தொண்டையா? டாக்டர் இன்னைக்கு லீவுங்க.”

“இல்லீங்க. மடற்குழுல எழுதற காது.”

அந்தப் பக்கம் ஏதோ ஒன்று நின்றது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த சன்னமான இரைச்சல் நின்றுபோனதை அப்புறம்தான் உணர்ந்தாள்.

“நீங்க யாரு?”

“பல்லு.”

“பல்லக்காவா?” அந்தக் குரல் குழந்தைக் குரல் மாதிரி உயர்ந்துவிட்டது. “இருக்கீங்களா? எல்லாரும் இருக்கீங்களா?”

“இருக்கோம். நீங்கதான் புது எடத்துக்கு வரல.”

“வந்தேனே. வாசல்லயே நிறுத்திட்டாங்க. போன்ல சொன்னா நம்பமாட்டீங்க. நேர்ல வாங்க, காட்டறேன்.”

வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரப் பேருந்து. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஸ்ட்ரெச்சர்கள் நிறுத்திவைத்த நடையின் கடைசியில் அந்த அறை. ஜன்னல் இல்லை. விளக்கும் போடவில்லை. கதவைத் திறந்தவள் சுவரில் சுவிட்சைத் தேடினாள்.

“வலது கைப்பக்கம் இருக்கும் பாருங்க. எனக்கு அது தேவைப்படறதில்ல, மறந்துடறேன்.”

விளக்கு எரிந்தது. அறுபதை நெருங்கும் ஓர் அம்மாள். இடது காதில் மருத்துவமனையின் காதொலிப்பான், வலது காதில் இன்னொன்று. விரல்கள் தொலைபேசி இணைப்புப் பலகையின் பொத்தான்கள் மேல். முகம் கதவுக்குச் சற்றுத் தள்ளி, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பல்லக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பதினொரு வருடம் பார்வையில்லாதவர்களுக்காக உழைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தங்களோடு சேர்ந்தே உழைத்துக்கொண்டிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

“ஒக்காருங்க பல்லக்கா. நான் உங்களவிடப் பெரியவளாத்தான் இருப்பேன். ஆனா அக்கா அக்கான்னே வாய் பழகிப்போச்சு.”

“அப்படியே கூப்பிடுங்கம்மா.”

“வேலை ஒரு காதுல, நீங்கல்லாம் ஒரு காதுல. இங்க சேந்த நாள்லேர்ந்து அப்படித்தான்.” வலது காதொலிப்பானின் கம்பியை உருவினார். அறைக்குள் அந்த இரைச்சல் கொட்டியது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி.

“என்னம்மா இது? கெட்டுப்போச்சா?”

“கெட்டுப்போகல. உங்க கடுதாசிதான் படிக்குது.”

அவளே பல்லைச் சீர்செய்த குரல். அதில் ஒரு சொல்கூட அவளுக்குப் பிடிபடவில்லை. மனிதர் பேசுகிற வேகத்தைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு இருக்கும். அந்த மழைக்குள் தலையைச் சாய்த்தபடி அம்மாள் சொல்லிக்கொண்டே வந்தார்: “இப்ப நீங்க ‘ழ’வுக்கு நாக்கு எங்க இருக்கணும்னு சொல்றீங்க... இப்ப வேகம் ‘அதெல்லாம் யாருக்குங்க தெரியப்போகுது’ங்கறார்... நீங்க கோவிச்சுக்கறீங்க.” நடுவில் இடது காதில் ஒரு அழைப்பு வந்தது. “எலும்புப் பிரிவா? இருங்க தரேன்” என்று விரல் தானாக மாற்றிக் கொடுத்தது. மழை நிற்கவில்லை. வரியும் தப்பவில்லை.

பிறகு குரலின் வேகத்தைக் குறைத்தார். “நீங்க கேக்கற மாதிரி வெக்கறேன்.”

மூன்று வருடத்துக்கு முந்தைய சண்டை ஒன்று எழுந்து உட்கார்ந்தது. வேகத்துக்கு மெலிந்த, அவசரக் குரல். இன்னொருவருக்குக் கனத்த குரல். பிறகு கொஞ்சம் தாழ்ந்த, நிதானமான பெண் குரல் ஒன்று பேசியது. அது தன் கடிதம் என்று உணர அவளுக்கு இரண்டு வரி பிடித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் தேர்ந்தெடுத்து, சுருதி வைத்து, இத்தனை வருடமும் இந்த அம்மாள் அவர்களை எதிரே உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுதியவர்களே மறந்துபோன பேச்சு, வரிசை கலையாமல், ஒருவர் முடித்தபின் ஒருவராக, அந்த ஜன்னலில்லாத அறைக்குள் நடந்துகொண்டிருந்தது. அவர்களில் பாதிப் பேரைப் பல்லக்கா நேரில் பார்த்தது கிடையாது. அந்த அம்மாளுக்கு அவர்கள் எல்லாரும் தெரிந்த மனிதர்கள்.

“நேத்து போன்ல பேசினப்ப ஒரு நிமிஷம் நம்பவே முடியல” என்றார் அம்மாள். “நீங்க இதவிடக் கொஞ்சம் கீச்சுக் குரல். நான் உங்களுக்கு நல்ல குரலாத்தான் குடுத்து வெச்சிருக்கேன்.”

இருவரும் சிரித்தார்கள். பல்லக்காவின் சிரிப்பு முடிகிற இடத்தில் உடைந்தது. “புது எடத்துல என்னம்மா ஆச்சு?”

அம்மாள் அரட்டைச் செயலியின் வாசல் பக்கத்தைத் திறந்தார். அவர்களே பாலூட்டி வளர்த்த குரல் படித்தது: “நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யவும். பேருந்து உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும். படம். படம். படம். படம். பட்டன். பட்டன்.”

“நான் மனுஷிதான்னு அது ஒத்துக்கவே இல்ல. காவலாளியைக் கூப்பிட்டு, படத்தைத் தொடச் சொல்லி உள்ள போனேன். உள்ள போனா ஒருத்தர் பேசறதைக் கேட்டு முடிக்கறதுக்குள்ள அடுத்தவர் வந்து மேல விழறார். படிக்கிற எடம் நழுவிப் போயிடுது. மறுநாள் மறுபடி வாசல். தெனமும் அவரைக் கூப்பிட முடியுமா? இது உங்களுக்கெல்லாம் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சேதான் போயிட்டீங்கன்னு.”

“சத்தியமா தெரியாதும்மா.”

“ஆமா. உங்களுக்குத் தெரியணும்னா, சொல்றதுக்கு நான்தானே அங்க இருந்திருக்கணும்.”

மணி நாலே முக்கால். அந்த இரண்டு பட்டன் பக்கத்தைத் தன் செல்பேசியில் திறந்துவைத்துவிட்டு, மேசைத் தொலைபேசியில் வேகத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா! மூடிட்டீங்களா?”

“நீ எங்க இருக்க?”

“சீட்டுலதான்.”

“ஒண்ணு செய். நம்ம சாஃப்ட்வேரப் போடு. ஸ்க்ரீனை அணை. அணைச்சிட்டு அரட்டைக்குள்ள புதுசா ஒரு ஆளா வா.”

“இப்பவா? எதுக்குக்கா?”

“வா சொல்றேன்.”

“நிமிஷத்துல வரேன் பாருங்க” என்று சிரித்தான். விசைப்பலகை தடதடத்தது. அவனுடைய அறையில் அந்தக் குரல் பேச ஆரம்பிப்பது இங்கே கேட்டது. நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யவும். தடதடப்பு குறைந்தது. படம். படம். “இருங்கக்கா” என்றான். பட்டன். மறுபடி முதலிலிருந்து. படம். இப்போது விசைகள் ஒவ்வொன்றாக, இருட்டில் சுவரைத் தடவுகிற கைபோல, இடைவெளி விட்டுக் கேட்டன. அவன் சிரிப்பு எங்கேயோ நின்றுபோயிருந்தது.

பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. அம்மாள் இடது காதுக்கு வந்த அழைப்புக்கு, “வணக்கம், மருத்துவமனை. யார்கிட்ட பேசணும்?” என்றார். வலது காதை ஸ்பீக்கரின் பக்கம் சாய்த்து, வெகுதூரத்தில் ஒருவன் கதவைத் தேடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.