ஹெண்டல் கொடுத்த வருஷம்

கோப்பலுக்குக் காய்ச்சல் கண்ட பதினோராம் நாள் காலையில், தலையணைக்காக வாத்திறகைத் தண்டிலிருந்து உரித்துக்கொண்டிருந்த ஹெண்டலின் மனசுக்குள் ஒரு வார்த்தை ஓடியது. 'போய்ச் சேரட்டுமே.' அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

கோப்பல் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்தவரில்லை. தோல் வியாபாரி. மனைவியை இழந்தவர், பிள்ளைகுட்டி கிடையாது. அவருடைய தம்பி ஃபைவிஷுக்குத்தான் ஹெண்டலை ஒன்பது வருஷத்துக்கு முன் பேசி முடித்து, வழக்கப்படி இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரு தட்டைப் போட்டு உடைத்தார்கள். அதோடு சரி. மொராவியாவில் இத்தனை யூதக் குடும்பம்தான் இருக்கலாம் என்பது சக்கரவர்த்தியின் சட்டம். குடும்பத்துக்கு ஓர் எண். அது தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்குப் போகும். இளையவன் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் ஊரைவிட்டே போகவேண்டும். இல்லையென்றால் அண்ணன் பிள்ளையில்லாமல் சாகவேண்டும்.

பரண் கல்யாணம் என்று ஒன்று உண்டு. அதிகாரிக்குத் தெரியாமல் யார் வீட்டுப் பரணிலாவது விதானம் கட்டி, ரப்பி மந்திரம் சொல்லி முடித்துவிடுவார். கடவுளுக்கு அது கல்யாணம், சர்க்கார் கச்சேரிக்கு இல்லை. ஹெண்டலின் அம்மா அப்படிக் கட்டிக்கொண்டவள்தான். அதிகாரி வரும் நாளில் அப்பா பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவராகி விடுவார். கல்யாணமானவள் தலைமுடியை மறைக்கவேண்டும். அம்மாவோ தெருவில் இறங்கும்போது தலைத்துணியை அவிழ்த்து, கன்னிப்பெண் போலப் பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பாள். நரைத்த பின்னல். பத்து வயசில் அதைப் பார்த்து ஹெண்டல் முடிவு செய்தாள்: தலையை மூடினால் தெருவிலும் மூடிக்கொண்டுதான் நடப்பேன், இல்லையென்றால் கட்டிக்கவே மாட்டேன்.

இப்போது அவளுக்கு வயசு இருபத்தெட்டு.

ஃபைவிஷ் சூப்புத் தூக்கை வாங்க வந்தான். அண்ணனுக்குப் பக்கத்திலிருந்து பணிவிடை செய்வது அவன்தான்.

"எப்படி இருக்கார்?"

"அப்படியேதான். ரெண்டு கரண்டி உள்ள இறங்கிச்சு."

"இறங்கிச்சா? நல்லது."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. காய்ச்சல் வந்ததிலிருந்தே இப்படித்தான். முந்தின சனிக்கிழமை தொழுகைக்கூடத்தில், எமன் அடையாளம் தெரியாமல் திரும்பிப் போகட்டும் என்று அண்ணனுக்குப் புதுப்பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டவன் இவன். மேலே பெண்கள் பகுதியிலிருந்து அவள் பார்த்தாள். ஆமென் சொன்ன குரல்களில் இவன் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது.

அவன் போன கையோடு, தெருவில் மூத்தவளான கெலாக்கா கையில் காகிதத்தோடு நுழைந்தாள். பின்னாலேயே தெருப்பெண்கள் நாலைந்து பேர். நோயாளி கைமீறிப் போனால் இந்தத் தெருவில் கடைசியாகச் செய்வது இதுதான். ஒவ்வொருவரும் தங்கள் ஆயுசிலிருந்து சில நாட்களை எடுத்துக் கொடுப்பார்கள். கெலாக்கா எழுதிக்கொண்டு போய் ரப்பியிடம் கொடுப்பாள்.

"ரொட்டிக்காரி அரை நாள் குடுத்திருக்கா," என்றாள் கெலாக்கா. "அதுவும் திங்கக்கிழமையா எடுத்துக்கணுமாம். துணி துவைக்கிற நாள்."

"ஐயே, நீங்க மட்டும் என்னக்கா குடுத்தீங்க? விரத நாளாப் பாத்து ஒண்ணு தள்ளிவிட்டீங்கதானே?" என்றாள் ஒருத்தி.

"விரதமா இருந்தா என்னடி? அன்னிக்கும் இருபத்துநாலு மணி நேரம்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எல்லோர் பார்வையும் ஹெண்டலிடம் திரும்பியது. ஹெண்டலுக்கு இந்த நோயில் என்ன இருக்கிறதென்று தெரியாதவர் அந்தத் தெருவில் யாருமில்லை.

"நீ போடணும்னு கட்டாயமில்ல, கண்ணு," என்றாள் கெலாக்கா மெதுவாக. "உன் வீட்டைத் தாண்டிப் போனா நல்லா இருக்காதேன்னுதான் வந்தேன்."

ஒரு நாள் என்று சொல்லலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் காலையில் ஓடிய அந்த வார்த்தை இன்னும் அறைக்குள்ளேயே நிற்பதுபோல் இருந்தது. அதை எதைக்கொண்டு வெளியே தள்ளுவது?

"ஒரு வருஷம்," என்றாள்.

"என்னது?"

"எழுதுங்கக்கா. ஒரு வருஷம்."

கெலாக்காவின் பேனா காகிதத்தில் படாமல் சற்று நேரம் நின்றது. பிறகு எழுதினாள்.

மூன்றாம் நாள் கோப்பலுக்கு வியர்த்துக் கொட்டி ஜுரம் விட்டது. இரண்டு வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முதலில் கேட்டது அந்தக் காகிதத்தை. அதைப் படித்துவிட்டு ஹெண்டலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவள் கதவோரம் நின்றாள். ஃபைவிஷ் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏன் பொண்ணே இப்படிப் பண்ணினே?" என்றார் கோப்பல். "நான் போயிருந்தா இந்நேரம் கல்யாணப் பத்திரம் எழுதியிருப்பீங்க."

"அப்படிப் பேசாதீங்க மாமா."

"எப்படிப் பேசறது? உசிரோட இருக்கறப்பவே குடும்ப எண்ணைத் தம்பிக்கு மாத்திக் குடுக்க வழி உண்டான்னு போன வருஷமே ப்ரூன் பட்டணத்துல விசாரிச்சேன். இல்லையாம். நான் செத்தாத்தான் உனக்கு நல்லது. இப்ப நீயே என்னைச் சாக விடமாட்டேன்னுட்டே."

"நான் காலைல வேண்டாததை நெனச்சேன்," என்றாள் அவள். "அதுக்குத்தான் குடுத்தேன்."

அடுப்பருகில் விறகுச் சத்தம் நின்றது.

"நானும்தான்," என்றான் ஃபைவிஷ், திரும்பாமலேயே. "தினம் தினம். கரண்டியைப் பிடிச்சிக்கிட்டே."

கோப்பல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியாதாடா," என்றார். "சூப்பை ஊட்டும்போது ஒரு தடவைகூட நீ என் முகத்தைப் பாக்கலையே." பிறகு ஹெண்டலைப் பார்த்தார். "என் பரண் காலியாத்தான் கிடக்கு. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். நீ குடுத்த வருஷத்துல ஒரு நாளையாவது நான் திருப்பித் தரேனே, பொண்ணே."

அவள் ஃபைவிஷின் முதுகைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் அவனுக்கும் நரைத்திருந்தது. இனி கோப்பல் முப்பது வருஷம் இருக்கலாம். இருக்கட்டும் என்றுதானே கொடுத்தாள்.

"சரி," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், சந்தை இரைச்சலில் எதுவும் கேட்காத நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். கூரை தாழ்வு, விதானம் பிடித்தவர்கள் குனிந்தே நின்றார்கள். ஒரு கோலைக் கோப்பல் பிடித்தார். மணமகன் மிதித்து உடைக்கும் கண்ணாடிக் கோப்பையை, சத்தம் தெருவுக்குக் கேட்காமலிருக்க, ஹெண்டல் தன் சீதனத்துக்கென்று இறகு அடைத்த தலையணைக்குள் செருகி வைத்தார்கள். ஃபைவிஷ் மிதித்தான். ஏதோ எலும்பு முறிந்தது போல ஒரு சின்ன ஓசை. "மஸல் தோவ்" என்ற வாழ்த்துக்கு எல்லோரும் உதட்டை மட்டும் அசைத்தார்கள்.

கெலாக்கா அவள் பின்னலைச் சுருட்டி வெள்ளைத் துணி கட்டினாள். நெற்றியில் இறுகப் பிடித்தது. ஒரு மயிரிழைகூட வெளியே தெரியவில்லை.

அதிகாரியின் ஆள் சந்தைக்கு வந்திருக்கிறான், மணப்பெண் முதலில் தனியாகக் கிளம்பட்டும் என்றார்கள். ஹெண்டல் ஏணியில் இறங்கினாள். வாசற்படிக்கு முன்னால், கதவுக்கு இந்தப் பக்கமே நின்று, பிடரிக்குக் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். துணியை நாலாய் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.