தாக்ஸ்டருக்கு அர்த்தம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் உள்ள ரெத்தினதாஸ் வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால், ஊரில் இன்னொருத்தனுக்கு உள்ள பேரை வைக்கக்கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். மூத்தவனுக்கு ஜிபின் என்று வைத்தபோது உலகத்தில் வேறு ஜிபினே கிடையாது என்று ரெத்தினதாஸ் நம்பினார். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றைக்கு வகுப்பில் மூன்று ஜிபின்கள் மூக்கொழுக உட்கார்ந்திருந்தார்கள். இளையவனுக்கு நிஜின் என்று வைத்தார். அதற்கும் அதே கதிதான். இப்போது நிஜினுக்கு மகன் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை. இங்கிலீஷ் பேராக இருக்க வேண்டும், அதுவும் இங்கிலீஷ்காரனே மறந்துபோன பேராக இருக்க வேண்டும்.

பிள்ளையின் தாய் ஜிஜாவுக்கு இந்தத் தேடல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் மனதில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது. போன வருஷம் மாரடைப்பில் செத்துப்போன அவளுடைய அப்பன் பேர். ஈசாக்.

ஈசாக் ஓலைக்கூரை மேய்கிறவர். முன்பு வீடுகளுக்கும் கள்ளுக்கடைகளுக்கும் மேய்ந்தார். வீடெல்லாம் கான்கிரீட் ஆன பிறகு பூவாறு பக்கம் ரிசார்ட்டுக் குடில்களுக்கு ஓலை மேய்ந்தார். நிஜின் ஒற்றைக்காலில் நின்றதால்தான் கல்யாணம் நடந்தது. பந்தலில் வந்தவர்களிடம் ரெத்தினதாஸ் சம்பந்தியைக் காட்டி, "ரிசார்ட்டு பீல்டாக்கும்" என்று சொல்லி வைத்தார். அதைக் கேட்டு ஈசாக் தன் காய்த்துப்போன கைகளை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டது ஜிஜாவுக்கு மறக்கவில்லை. அவர் செத்தபிறகு அந்த வீட்டில் யாரும் அவர் பேரைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் "அந்தாளு" என்பார்கள். ஒரு தடவையாவது இந்த வீட்டு வாயிலிருந்து அந்தப் பேர் முழுசாக வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முன்னறையில் குடும்பச் சபை கூடியது. ஜிபின் போனில் ஏதோ வெப்சைட்டைத் திறந்து வைத்திருந்தான். கத்தாரிலிருந்து நிஜின் வீடியோவில் வந்தான்.

"கூப்பர்," என்றான் ஜிபின்.

"காட்டாக்கடையில ஒருத்தன் வீட்டு நாய்க்கு அந்தப் பேரு உண்டுலே. அடுத்தது சொல்லு," என்றார் ரெத்தினதாஸ்.

"ஏடன்?"

"சண்டே ஸ்கூல்ல ரெண்டு ஏடன், மூணு ஜேடன். கல்லெறிஞ்சா ஒருத்தன் மேல படும்."

"ஃப்ளெட்சர்."

மாமியார் ஓமனா வாயைக் கோணிச் சொல்லிப் பார்த்தாள். "ப்ளெச்சரு. எனக்க பல்செட்டு வெளிய வந்திரும் மக்கா. வேண்டாம்."

ஜிஜா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். "எனக்க அப்பாக்க பேர வச்சா என்ன மாமா? பைபிள் பேருதானே."

ஓமனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போனுக்குள் நிஜின்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது பிள்ளே," என்று ரெத்தினதாஸ் தொண்டையைச் செருமினார், "பைபிள் பேரெல்லாம் இப்ப ஆட்டோ ஓட்டுதவனுக்கும் ஓலை கெட்டுதவனுக்கும்தான் உண்டு. நாள பய லண்டனுக்குப் படிக்கப் போனா, அங்க உள்ளவன் என்ன நெனப்பான்?"

லண்டனில் உள்ளவன் தன் பிள்ளைக்கு அதே ஈசாக்கை ஐசக் என்று இன்றைக்கும் வைத்துக்கொண்டிருப்பான் என்பதை அவருக்கு யார் சொல்ல? ஜிஜா சொல்லவில்லை. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள், வீட்டில் இருபது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள். ஆனாலும் அந்த வீட்டில் இங்கிலீஷ் என்றால் ஜிபின் போன்தான்.

"கிட்டிப்போச்சு!" என்று ஜிபின் கத்தினான். "தாக்ஸ்டர். ரேர் நேம் ஆக்கும். நூறு வருஷமா ஆரும் வச்சதில்லன்னு போட்டிருக்கு. ஓல்டு இங்கிலீஷ்!"

"ஓல்டு இங்கிலீஷா!" ரெத்தினதாஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அப்ப பழைய துரைமாருக்க பேரு."

"டாக்டர் மாதிரியும் உண்டு," என்றாள் ஓமனா.

"அடிபொளி," என்றான் நிஜின்.

அர்த்தம் என்ன என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. பலசரக்குக் கடையில் அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்காமல் வாங்காத குடும்பம் அது. ஆனால் பேர் இங்கிலீஷ் பேராயிற்றே. வெள்ளைக்காரன் பேருக்கு எங்கேயாவது மோசமான அர்த்தம் இருக்குமா?

அர்த்தம் தேவைப்பட்டது சபைப் போதகருக்கு. ஊரில் அவரை ஐயர் என்பார்கள். வந்த முதல் மாதமே லிஜின், சுஜின், பிரிஜின் என்று மூன்று பிள்ளைகளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். என்ன அர்த்தம் என்று அவர் கேட்க, மூன்று தகப்பன்மாரும் கூரையைப் பார்த்தார்கள். அன்றைக்கே ஐயர் ஒரு வழக்கம் வைத்தார். பேரையும் அதன் அர்த்தத்தையும் தமிழில் எழுதிச் சனிக்கிழமையே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் அவர் அதை வாசிப்பார். அந்த அர்த்தத்துக்கு ஒத்த குணமோ தொழிலோ குடும்பத்தில் யாரிடம் கண்டீர் என்று கேட்பார். தகப்பனோ தாத்தாவோ மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் வேறு பேரோடு வா. போன மாதம் ஒரு பிள்ளையின் பேருக்குச் சிங்கம் என்று அர்த்தம் வர, அவன் தகப்பன், "அது எனக்க மாமியாராக்கும் ஐயரே" என்று சொல்லிச் சபையே உருண்டது.

ரெத்தினதாஸின் மகன்கள் இரண்டு பேருக்கும் தமிழ் எழுத வராது, படித்தது மலையாளத்தில். அதனால் சீட்டு எழுதும் வேலை மருமகள் தலையில் விழுந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை தொட்டிலில் தூங்கும்போது ஜிஜா தன் போனில் அர்த்தத்தைத் தேடினாள். ஒரு வரிதான் இருந்தது. அதை இரண்டு முறை வாசித்தாள். வேறு இடத்தில் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அதேதான். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் அரை மணி நேரத்தில் வேறு துரை கிடைத்துவிடுவான். வீரன், பிரபு என்று ஏதாவது பொய்யும் எழுதிவிடலாம். இங்கிலீஷ் தெரிந்தவர் ஐயர் ஒருத்தர்தான், அவரும் பழைய இங்கிலீஷ் படித்தவரில்லை. ஜிஜா இரண்டும் செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி முத்துமுத்தாக எழுதி மடித்தாள்.

சீட்டோடு வாசலில் இறங்கும்போது ரெத்தினதாஸ் கேட்டார். "நல்ல அர்த்தம்தானே பிள்ளே?"

"நல்ல அர்த்தம்தான் மாமா."

"அதானே பாத்தேன்," என்று அவர் பிரியாணிக்காரனுக்குப் போன் போடப் போனார். இருநூறு பேருக்குச் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிள்ளையை ஏந்திக்கொண்டு ஜிஜா முன்னால் நின்றாள். நிஜினுக்குப் பதிலாகப் புதுச் சட்டை சரசரக்க ரெத்தினதாஸ் பக்கத்தில் நின்றார். ஐயர் சீட்டைப் பிரித்தார்.

"பிள்ளையின் பேர், தாக்ஸ்டர்."

பின்வரிசையில் யாரோ 'ஓ' என்றார்கள். ரெத்தினதாஸ் தாடையை உயர்த்தினார்.

"பழைய இங்கிலீஷ் பேர். அர்த்தம், ஓலையும் புல்லும் கொண்டு கூரை மேய்கிறவன்."

உயர்ந்த தாடை அங்கேயே நின்றுவிட்டது. ஆண்கள் பக்கம் ஒருத்தர் இருமுவதுபோலச் சிரித்தார். ஐயர் மட்டும் முகம் மலர்ந்தார்.

"நல்ல பேரு. இந்தச் சபைக்க முதல் ஆலயமும் ஓலக்கூர போட்ட பெரைதானே. அத மேஞ்சவனும் இதுபோல ஒருத்தன்தானே. செரி, இந்தத் தொழில உங்க குடும்பத்தில ஆருகிட்ட கண்டீரு?"

ரெத்தினதாஸ் மருமகளைப் பார்த்தார். அவள் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அது… பில்டிங் லைன்ல… எனக்க மூத்தவன் ஒரு கான்ட்ராக்டு…"

"கூரை மேய்றதுன்னாக்கும் எழுதியிருக்கு. ஆருமில்லன்னா தப்பில்ல, அடுத்த மாசம் வேற பேரோட வாரும்."

வெளியே பிரியாணி வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. இருநூறு இலை. ரெத்தினதாஸின் நெற்றி வேர்த்தது. பெண்கள் வரிசையில் பாட்டுக் குழுவின் தங்கபாய்க்குப் பொறுக்கவில்லை.

"ஈசாக்க சொல்லும் ஓய்! உமக்க மூத்தவன் பெறந்தது அந்தாளு மேஞ்ச ஓலக்கூரைக்குக் கீழதானே! பத்து மழைக்கு ஒழுகலன்னு நீருதானே சொல்லிட்டுத் திரிஞ்சீரு!"

சபை இப்போது மறைக்காமல் சிரித்தது. ரெத்தினதாஸ் ஏதோ முணுமுணுத்தார்.

"மைக்கப் பிடிச்சுச் சொல்லும்," என்றார் ஐயர்.

"ஈசாக்கு." சத்தம் ஆலயத்தின் நான்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளிலும் முழங்கியது. "ஈசாக்கு. இவளுக்க அப்பன். கூரை மேய்றவரு. நல்லா மேய்வாரு."

ஜிஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தண்ணீர் தலையில் விழுந்ததும் தாக்ஸ்டர் வீரிட்டான்.

சாப்பாட்டுப் பந்தலில் ஓமனா மருமகளிடம் பேசவில்லை. அவள் கையில் சட்டிகள்தான் பேசின. ரெத்தினதாஸுக்கு மட்டும் முதல் பந்தி முடிவதற்குள் நாக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. திருப்புறத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், "என்ன மச்சான், பேரனுக்கு ஓலக்காரன் பேரா?" என்று குத்தினார்.

"உனக்கு விவரம் போராதுடே. இங்கிலாந்தில கூரை மேய்றவனுக்கு எஞ்சினியர விட மதிப்பாக்கும். நம்ம சம்பந்தி ஈசாக்கு பூவாறில மேஞ்ச குடில வெள்ளக்கார சாயிப்பு வந்து நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனான். ஈசாக்கு கையில தனி வித்த உண்டு. நான் அப்பவே சொன்னேன், பயலுக்கு அவரு வழியில ஒரு பேரு வைக்கணும்னு."

ஜிஜா கையில் பப்படத் தட்டோடு நின்று கேட்டாள். அப்பவே சொன்னாராம். வேட்டி மடிப்புக்குள் ஒளிந்த கைக்கு இப்போது தனி வித்தை முளைத்துவிட்டது. தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, வாய் எதுவாக இருந்தால் என்ன, வருகிற பேர் அப்பன் பேர்தானே என்று நினைத்துக்கொண்டு அவர் இலையில் ஒரு பப்படத்தைப் போட்டாள்.

"இன்னும் சொல்லுங்க மாமா," என்றாள்.