குமிழி ஓடிய பக்கம்

1

இந்தக் கதையின் முதல் வடிவத்தில் என் அப்பா குற்றவாளி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்பா குற்றவாளியாக இருந்தால் கதை தானாக நடக்கும். நிரபராதியை வைத்துக்கொண்டு பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் எழுதுகிறவளுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

விஷயம் இதுதான். அப்பா சாலை மேற்பார்வையாளராக இருந்தவர். மலையைச் சுற்றிப் போட்ட முதல் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய வளைவுக்கு, எந்தப் பக்கம் எவ்வளவு உயரம் என்று காட்டும் முளைகளை அவர்தான் அடித்துக் கொடுத்தார். சாலை திறந்த ஏழாவது வருடம் அந்த வளைவில் ஒரு பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. மூன்று பேர் இறந்தார்கள். உடனே சாலையை மூடினார்கள். பிறகு மலையடியில் புதுச் சாலை வந்தது, பழையதைக் காடு எடுத்துக்கொண்டது.

வளைவில் சாலையின் வெளி விளிம்பு, அங்கே அது பள்ளத்துப் பக்கம், உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வேகமாக வரும் வண்டி வெளியே போய்விடும். அப்பா அதை மாற்றிப் போட்டுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோ யார் என்று இன்றுவரை தெரியாது.

அப்பா மறுக்கவும் இல்லை. "அன்னைக்கு எனக்கு நூத்திமூணு டிகிரி காய்ச்சல். எப்படி முளை அடிச்சேன்னு ஞாபகம் இல்ல" என்பார். முப்பத்தெட்டு வருடமாக இதே பதில். இப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயது. சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு மேசையில் விரலால் அந்த வளைவைப் போட்டுப் பார்ப்பார். நாங்கள் கவனிப்பது தெரிந்தால் கையை எடுத்துவிடுவார்.

2

முதல் வடிவம் இப்படித் தொடங்கியது:

காய்ச்சலில் நடுங்கிய அந்தக் கை அன்று மூன்று உயிர்களை

(வாக்கியத்தை முடித்துத்தான் வைத்திருந்தேன். வெட்கமாக இருப்பதால் மீதியை வெட்டிவிட்டேன்.)

அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அக்கா டைல்ஸ் ஒட்டுபவள். தரை ஒரு நூல் ஏறி இறங்கியிருந்தாலும் செருப்பைக் கழற்றாமலே சொல்லிவிடுவாள். வாசித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வேலைப் பையோடு வாசலில் நின்றாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. போய்ப் பாத்தியா?"

"எதை?"

"ரோட்டைடி. அது அங்கதானே கிடக்கு."

"இத்தனை வருஷம் நீயும்தானே போகல?"

"பயம். மாத்திப் போட்டிருந்தா என்ன பண்றது? இப்பதான் நீ எழுதியே வச்சிட்டியே. இனிமே என்ன பயம், கிளம்பு."

3

[இந்த இடத்தில் காட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. செடிகளின் பெயர் பாதிக்கு மேல் தப்பு என்று அக்கா சொன்னதால் எடுத்துவிட்டேன்.]

மிச்சம் இருப்பது இவ்வளவுதான். இலைக்குப்பையைக் காலால் ஒதுக்கினால் அடியில் தார். ஓரிடத்தில் நடுக்கோட்டின் வெள்ளை முழ நீளத்துக்கு அப்படியே இருந்தது. ஒரு கிலோமீட்டர் கல்லை மரம் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. இரண்டு மணி நேரம் நடந்து வளைவுக்கு வந்தோம். இவ்வளவு சாதாரணமான வளைவு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை இத்தனை வருடம் பிடித்து வைத்திருந்ததே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

4

அக்கா கொஞ்சம் தள்ளிக் கொடிகளை அறுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை இல்லை. அவள் பையிலிருந்து நாலடி ரசமட்டத்தை* எடுத்து, தாரைத் துடைத்து, சாலைக்குக் குறுக்கே வைத்தேன். குமிழி நேராகப் பள்ளத்துப் பக்கம் ஓடி நின்றது.

* நடுவில் கண்ணாடிக் குழாயும், குழாய்க்குள் திரவமும், அதில் ஒரு காற்றுக் குமிழியும் இருக்கும். கொத்தனார் கையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்திருந்தால் மட்டும் போதாது என்பது அடுத்த பத்தியில் தெரியும்.

தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும், பந்தும் அப்படித்தானே உருளும்? ஆக, சரிவு பள்ளத்துப் பக்கம். நான் எழுதியதுதான் சரி. ஒரு நொடி, ஒரே நொடி, 'கதை தப்பித்தது' என்று நினைத்தேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"என்னாச்சு?"

"பள்ளத்துப் பக்கம் போகுதுக்கா. அப்பா மாத்தித்தான் போட்டிருக்காரு."

அக்கா குனிந்து மட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"குமிழி காத்துடி, மக்கு. காத்து மேட்டுக்குத்தான் ஏறும். வெளிப்பக்கம் ஒசந்திருக்கு. அப்பா சரியாத்தான் போட்டிருக்காரு."

என் வயிற்றில் பாலை வார்த்தாள். பிறகு வளைவு முழுக்க ஏழு இடத்தில் அவளே வைத்துப் பார்த்தாள். ஏழிலும் அப்படியே.

"அப்போ பஸ் ஏன்க்கா விழுந்துச்சு?"

"தெரியாது. எனக்கு மட்டம் பாக்கத்தான் தெரியும்."

அந்த மூன்று பேருக்கு இந்தக் கதையிடம் பதில் இல்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

5

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் செய்தோம். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"எத்தனை இடத்துல வச்ச?"

"ஏழு இடத்துலப்பா."

"மட்டத்தைத் திருப்பி வச்சுப் பாத்தியா?"

ரசமட்டமே கோணலாக இருக்கலாம். முனை மாற்றி வைத்தும் குமிழி அதே பக்கம், அதே அளவு நின்றால்தான் நம்ப வேண்டும். தன்னை நம்புவதற்கு முன்னால் அப்பாவுக்கு அது ஒன்று பாக்கி இருந்தது.

"ஏழு இடத்துலயும் திருப்பி வச்சேன். நீங்க கேப்பீங்கன்னு தெரியும்."

என்னிடம் மூன்று முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்றில் அப்பா அழுகிறார். இன்னொன்றில் "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார். மூன்றாவதில் போனை எடுப்பதே இல்லை. அது கதை கனமாக இருக்கட்டும் என்று நான் வைத்திருந்தது. மூன்றையும் அடித்துவிட்டேன். அப்பா சொன்னது வேறு, ஒரே ஒரு வாக்கியம். அதை எழுத மாட்டேன். அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி ஒரு தடவை எழுதியதே போதும்.

அக்கா போனை வைத்துவிட்டுச் சாலை நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வெகுநேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அந்த வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நல்லதாகவே எழுதலாம், பயப்பட வேண்டாம்.