வலது கால் மடிப்பு

அக்காவின் பேன்ட் இடுப்பை நான்காவது முறையாகப் பிடித்துத் தைத்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து மூன்றே மாதத்தில் முப்பது கிலோ குறைந்திருந்தாள். ஊரடங்கில் என் தையல் கடை மூடிக் கிடந்ததால் அவள் ஒருத்திதான் வாடிக்கை. தொற்று அடங்கும்வரை பரிசோதனைக்கு வர வேண்டாம் என்று மருத்துவமனை சொல்லியிருந்தது. நன்றாக இளைத்துக்கொண்டிருப்பவளுக்கு மருத்துவமனை எதற்கு என்று நானும் இருந்துவிட்டேன்.

எரிச்சல் ஒன்றில்தான். வலது காலின் கீழ் மடிப்பு, முன்பக்கம் மட்டும், வாரம் தவறாமல் பிய்ந்து வந்தது.

"காலைத் தேச்சுக்கிட்டு நடக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் எங்கடி தேய்க்கிறேன்? சரியாத்தான் நடக்குறேன்."

வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தேன். தையல்காரிப் புத்தி, கிழிசலைப் பார்த்ததே தவிர காலைப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலையில் கூடத்தில் பொத்தென்று விழுந்தாள். தூக்கி உட்காரவைத்தேன். வலது பாதம் துவண்டு தொங்கியது. குண்டூசியால் கட்டைவிரலில் குத்தினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்திட்டியா?" என்றாள்.

ஆபரேஷன் செய்த டாக்டரை வீடியோவில் பிடித்தேன்.

"வாந்தி இருக்கா?" என்று கேட்டார்.

"தினமும்," என்றாள் அக்கா. "இவகிட்ட சொன்னா உயிரை வாங்குவா. சத்து மாத்திரையும் உள்ள நிக்கல."

மடிப்பு பிய்ந்த கதையைச் சொன்னேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"எத்தனை வாரமா?"

"அஞ்சு."

"பி ஒண்ணு வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும், நரம்பு வாடுது. அதான் பாதத்தைத் தூக்க முடியாம தரையில உரசியிருக்கு. உடனே கிளம்புங்க. குளுக்கோஸ் ஏத்த வந்தா, அந்த வைட்டமின் ஊசி முதல்லன்னு சொல்லுங்க. வரிசை மாறினா மூளைக்கே ஆபத்து."

"திரும்ப நடப்பாளா டாக்டர்?"

"இன்னைக்கே போட்டா வாய்ப்பு இருக்கு."

அவசரப் பிரிவில் நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலோடு வந்தார். நான் கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். முறைத்தார். டாக்டரைப் போனில் பேச வைத்தேன். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஊசிக்கு ஓடினார்.

வீடு திரும்பிய பிறகும் ஒன்றரை மாதம் குளியலறைக்குள்கூட என் தோளைப் பிடித்துத்தான் வந்தாள். நேற்று என் கையை விலக்கினாள். சுவரைப் பிடித்தபடி ஒவ்வோர் அடியாக நடந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

"அங்கேயே நிக்காதே. போய் வேலையைப் பாரு."

நான் போகவில்லை. கதவில் சாய்ந்து நின்று, அவளுக்குக் கேட்காமல் அழுதேன்.