அஜீஸா, வயது பன்னிரண்டு

கப்புக்குக் காது ஒட்டுவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து ஒட்டிப் பார்க்கட்டும். மண் காய்ந்துவிட்டால் ஒட்டாது, ஈரம் அதிகமானால் நசுங்கும். அஜீஸா அதில் கெட்டிக்காரி. காலையில் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிக்குப் போனால், மகள் சனா ஸ்கூல் விட்டு டியூஷன் முடிந்து வருவதற்குள் வீடு திரும்பிவிடுவாள். சவூதியில், தமாமில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்யும் புருஷன் சனாவுல்லாவுக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும். “என் பொண்டாட்டி மண்ணு பெசையறதுக்கா நான் இங்க கெடந்து சாவறன்” என்று குதிப்பான். தெரிந்தவர்கள் இரண்டே பேர்: பக்கத்தில் உட்கார்ந்து காது ஒட்டும் ஆராயி, அப்புறம் சனா.

சில மாதங்களுக்கு முன்னால் சனாவின் போனுக்கு எவனோ ஒருத்தன் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். காலையில் வணக்கம், ராத்திரி வணக்கம், நடுநடுவே ரோஜாப்பூ. பயந்துபோய் அதைத் தானாகக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டியவள் சனாதான். அதை மறந்துவிட வேண்டாம். அஜீஸா என்ன செய்தாள்? பதறியடித்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள். அவன் லீவில் வந்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவரிடம் அம்மாவுக்கும் மகளுக்கும் ஆளுக்கொன்றாக இரண்டு புதுப் போன் கொடுத்தனுப்பினான். ஜங்ஷன் ரோட்டில் மொபைல் கடை வைத்திருக்கும் அவன் தம்பி ஃபஹத், பிள்ளைகளைக் கண்காணிக்கிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். புள்ள எங்கே இருக்கிறாள், எதைப் பார்க்கிறாள், எல்லாம் தமாமில் உட்கார்ந்தபடியே தெரியுமாம்.

“நான்தானம்மா காட்டினேன்! எனக்கு எதுக்குப் பூட்டு?” என்று அழுதாள் சனா.

“தப்பு பண்ணலன்னா எதுக்குடி பயம்?” என்றாள் அஜீஸா. பெரிய ஜட்ஜு!

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சனாவுல்லாவிடமிருந்து ஒரு மேப் படம் வரும். பாலக்கரை டியூஷன் வீட்டின்மேல் ஒரு பச்சைப் புள்ளி. ‘புள்ள டியூஷன்ல.’ அஜீஸாவுக்கும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கும். அவளுடைய போனில்தான் சில வீடியோ திறக்கவில்லை. ஃபஹத்திடம் கேட்டதற்கு, “அங்கத்தி போனு அப்படித்தான் அண்ணி” என்றான். நம்பினாள்.

ஒரு நாள் சனாவுல்லா பேசும்போது சலாம்கூடச் சொல்லவில்லை. “தெனம் பீங்கான் கம்பெனில உனக்கு என்னா வேலை?”

அஜீஸா லைனைக் கட் பண்ணிவிட்டு, படித்துக்கொண்டிருந்த சனாவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். “அத்தாகிட்ட நீதானடி போட்டுக் குடுத்த?”

சனா அம்மாவின் போனை வாங்கி என்னத்தையோ தடவினாள், திருப்பி முகத்துக்கு நேரே நீட்டினாள். பெற்றோர்: சனாவுல்லா. பிள்ளைகள்: சனா, வயது பதினைந்து. அஜீஸா, வயது பன்னிரண்டு.

பெரியவர்களை அந்த ஆப்பில் பிள்ளையாகச் சேர்க்க முடியாது. அதனால் அண்ணனும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு வயதைக் குறைத்திருக்கிறார்கள். பெற்ற மகளுக்கே தங்கச்சியாக்கிவிட்டான், பாவி!

திரும்பக் கூப்பிட்டாள். “நீங்க எனக்குப் புருஷனா, இல்ல அத்தாவா?”

“கத்தாத. எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான். தப்பு பண்ணலன்னா எதுக்குப் பயம்? அன்னிக்கு நீதான இதப் புள்ளகிட்ட சொன்ன?” என்றான் அவன். “நாளையிலேருந்து வூட்ட வுட்டு நவுரக்கூடாது.”

செருப்பால் அடித்தமாதிரி இருந்தது. முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவமானம் ஒரு பக்கம், கைக்கு வந்த வேலை போகிறதே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். சனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“போனை ஃபிரிட்ஜு மேல வெச்சிட்டு நீ பாட்டுக்கு வேலைக்குப் போம்மா. அத்தாவுக்குப் போன் இருக்கிற எடம்தான் தெரியும். நீ இருக்கிற எடம் தெரியாது.”

அழுகையோடு அஜீஸாவுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. “என் கண்ணு, உனக்கு எம்மாம் மூளைடி” என்று தான் அடித்த கன்னத்தையே வழித்து நெட்டி முறித்தாள். இந்த வித்தை இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

மறுநாள் போன் வீட்டில் இருந்தது, அஜீஸா கம்பெனியில் இருந்தாள். ஆராயியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் படம் வந்திருந்தது. இந்தத் தடவை இரண்டு பச்சைப் புள்ளிகள். ‘நீ வூட்டுல, புள்ள டியூஷன்ல. ரெண்டு பேரும் இருக்க வேண்டிய எடத்துல இருக்கீங்க. இப்பதான் நிம்மதி.’

நாள் முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்திருந்த தன்னுடைய புள்ளியைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் கண் இன்னொரு புள்ளிக்குப் போனது. சிரிப்பு அப்படியே நின்றது.

சனாவின் நம்பரைப் போட்டாள். எடுத்தவள் டியூஷன் தோழி மோகனப்பிரியா. “சனா தண்ணி குடிக்கப் போயிருக்கா ஆன்ட்டி.”

“மிஸ்ஸுகிட்ட குடும்மா.”

அந்தப் பக்கத்திலிருந்து அழுகிற குரலில் பதில் வந்தது. “எங்கிட்ட போனை மட்டும் குடுத்துட்டுப் போயிடுவா ஆன்ட்டி. ரொம்ப நாளாவே இப்படித்தான். எங்க போறா, யாரு கூடன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

அல்லாவே! புருஷனிடம் சொல்லலாமா? சொன்னால் நாளைக்கே பிள்ளையின் படிப்பை நிறுத்துவான். உனக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று கேட்டால் இவள் குட்டும் உடையும். அதற்குள் அவனே மறுபடி அனுப்பியிருந்தான். ‘வூட்டுலதான இருக்க?’

‘ஆமாங்க’ என்று தட்டினாள்.

போனை ஃபிரிட்ஜ் மேலேயே வைத்தாள். எடுத்துக்கொண்டு போனால் புள்ளி நகருமே. கதவைப் பூட்டி, நகக்கண்ணில் களிமண்ணோடு தெருமுனைவரை ஓடினாள். எவனோ மெசேஜ் போடுகிறான் என்று தானாக வந்து காட்டிய புள்ள, அதற்கப்புறம் எதையுமே காட்டவில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. எந்தப் பக்கம் போய்த் தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.