பெரியவளிடம் யாரும் கேட்கவில்லை

இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. மடித்தால் அது விரிப்பாக இருக்காது, மூட்டையாக இருக்கும். அக்காளும் தங்கையும் ஒரே லாண்டரியில் வேலை பார்ப்பது அந்த வகையில் முதலாளிக்கு வசதி. ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வரும் விரிப்புகளை ஆளுக்கொரு நுனி பிடித்து, வாய்ச்சண்டையும் போட்டுக்கொண்டே மடிப்பார்கள். மூலைக்கு மூலை பொருந்திவிடும்.

பெரியவளின் இடது கை எப்போதும் வீங்கியிருக்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால் புற்றுநோய் என்று மார்பை எடுத்தபோது அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மணிக்கட்டு முதல் தோள்வரை இறுக்கமான உறை ஒன்றை மாட்டிக்கொண்டு திரிகிறாள். சூடு பட்டால் கை இன்னும் ஊதும் என்பதால் ஆவி இஸ்திரி மெஷினை விட்டு மடிப்பு மேசைக்கு மாறினாள். காலியான மெஷினுக்குத் தங்கையைக் கூட்டிவந்து நிறுத்தியதும் அவள்தான்.

இப்போது சின்னவளுக்கும் வந்துவிட்டது.

"அம்மா நகையை ஒழுங்கா பங்கு வெக்கல. இதை மட்டும் ஆளுக்கொண்ணா குடுத்துட்டா" என்றாள் பெரியவள். சிரிக்கவில்லை. பரம்பரையாக வருவதா என்று சின்னவளுக்கு ரத்தச் சோதனை செய்து, அப்படி ஒன்றும் இல்லை என்று வந்தாயிற்று. பெரியவள் அதை நம்பத் தயாராயில்லை.

சின்னவளை அரித்தது நோய் மட்டுமில்லை. டாக்டரம்மா இரண்டு வழி சொல்லியிருந்தார். கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு சில வாரம் தினமும் வந்து கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துக்கொள்வது ஒன்று. மார்பையே எடுத்துவிடுவது இன்னொன்று. "உங்க கட்டி சின்னது, சீக்கிரம் பாத்தாச்சு. உயிருக்கு ரெண்டும் ஒரே காப்புதான். யோசிச்சிட்டு வாங்க, முடிவு உங்களோடது" என்று அனுப்பிவிட்டார். வாழ்க்கையில் இன்ன நிறப் புடவை எடு என்பதைக்கூட யாராவது சொல்லித்தான் அவள் செய்திருக்கிறாள். இப்போது மட்டும் எல்லோருக்கும் திடீரென்று மரியாதை வந்துவிட்டது.

"மொத்தமா எடுத்துடச் சொல்லு" என்று விரிப்பின் நுனியை இழுத்தாள் பெரியவள். "வீட்டுக்குள்ள பாம்பு வந்தா வாலை மட்டும் வெட்டி விடுவியா?"

"அதுக்காக வீட்டை இடிச்சுடறதா?"

"இடிஞ்ச வீட்டுலதாண்டி நான் பதினோரு வருஷமா குடியிருக்கேன். செத்தா போயிட்டேன்?"

சின்னவள் அடுத்த விரிப்பை உதறினாள்.

வீட்டில் புருஷன் இன்னொரு ரகம். லிப்ட் மெக்கானிக். எதைப் பேசினாலும் லிப்ட்டுக்குள் கொண்டுபோய்ப் பூட்டுகிறவன். "டாக்டரே ரெண்டும் ஒண்ணுங்கறாங்க. ரெண்டு லிப்ட்டும் ஒரே மாடிக்குத்தான் போகும்னா எதுல ஏறினா என்ன?"

"என்னை மேல அனுப்பறதுலயே குறியா இரு."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "உன் இஷ்டம். நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றான். நல்ல மனுஷன்தான். ஆனால் கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிதுணி இல்லாமல் கையில் திணித்துவிட்டு, பார்த்துப் பிடி என்று சொல்கிற நல்ல மனுஷன்.

"உனக்கு என்ன தோணுதுன்னாவது சொல்லேன்."

"எனக்கு என்ன தோணறது? உன் உடம்பு."

"இத்தனை நாள் யாரோடதா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் பாத்திரத்தை ஓசையாக அடுக்கினாள்.

உண்மையில் அவளுக்கு என்ன வேண்டும் என்பது முதல் நாளே தெரியும். சின்ன ஆபரேஷன் போதும். காரணம் கேட்டால் கையைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். கை வீங்கினால் மெஷினில் எப்படி நிற்பது? யாரும் மறுக்க முடியாத, சோற்றுக்கான காரணம். அதிலும் ஆஸ்பத்திரி நர்ஸ் மண்ணைப் போட்டாள். கை வீங்குவதற்கும் மார்பை எவ்வளவு எடுப்பது என்பதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லையாம். அக்குளில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதுதான் கணக்காம். இப்போது நீலச் சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றதைத் தொடமாட்டார்கள். எந்த ஆபரேஷன் ஆனாலும் அப்படித்தான்.

ஆக, கை என்கிற சாக்கு போயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவளுக்கு அது வேண்டும். நாற்பத்தாறு வயதில், பிள்ளைகள் வளர்ந்த பிறகு, எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேண்டும், அவ்வளவே.

அதைத்தான் மடிப்பு மேசையில் பெரியவள் கேட்டாள். "எதுக்குடி வெச்சுக்கணும்? இனிமே யாருக்குப் பால் குடுக்கப் போற?"

சின்னவளுக்குச் சுருக்கென்றது. "உனக்கு ஆனது எனக்கும் ஆனாத்தான் உனக்கு நிம்மதியா?"

பெரியவள் விரிப்பைக் கைநழுவ விட்டாள். துவைத்து உலர்த்திய வெள்ளைத்துணி தரையில் விழுந்தது. திரும்பத் துவைக்க வேண்டும். இருவரும் குனியவில்லை. முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பெரியவள்தான் கடைசியில் எடுத்து அழுக்குக் கூடையில் எறிந்தாள்.

"டாக்டர்கிட்ட நானும் வரேன்" என்றாள்.

"வேணாம்க்கா."

"வரேன்னா வரேன்."

மருத்துவமனை அறை சிறியது. மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி மட்டுமே இருந்ததால் புருஷன் எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் நின்றான். டாக்டரம்மா ஒல்லியான பெண். தாளில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு புள்ளி வைத்து விளக்க ஆரம்பித்தார். சின்ன ஆபரேஷனில் ஓரம் சுத்தமாக வரவில்லையென்றால் இன்னொரு தடவை உள்ளே போக வேண்டியிருக்கும். அதே மார்பில் திரும்ப வருகிற வாய்ப்பு கொஞ்சம் அதிகம். பெரிய ஆபரேஷனில் அந்தக் கவலை குறைவு, ஆனால் முற்றிலும் இல்லையென்று ஆகாது. நெறிக்கட்டி சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கரண்ட் தேவைப்படாது. காயம் ஆற நாளாகும். வேண்டுமானால் மார்பைத் திரும்ப அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

"ஆனா உயிருக்கு ரெண்டும் ஒண்ணுதான்?" என்று கேட்டாள் பெரியவள்.

"இவங்க நிலைமைக்கு, ஆமா."

"இது எப்பலேர்ந்து தெரியும்?"

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "எது?"

"ரெண்டும் ஒண்ணுன்னு. போன வருஷம் கண்டுபிடிச்சதா?"

"இல்லைங்க. ரொம்ப காலமா தெரியும்."

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியே."

சின்னவள் அக்காளின் முழங்காலைத் தொட்டாள். பெரியவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "எனக்கு மொத்தமா எடுத்தாங்க. என் வீட்டுக்காரரை வராண்டாவுல நிக்கவெச்சுப் பேசினாங்க. அவரு உள்ள வந்து, வியாழக்கிழமை ஆபரேஷன்னாரு. என்னன்னு நான் கேக்கல. கேக்கலாம்னே எனக்குத் தெரியாது. இப்ப சொல்லுங்க. எனக்கு அது தேவைப்பட்டுச்சா, இல்லையா?"

"கட்டி எவ்வளவு பெருசு, எத்தனை இருந்துச்சு, இதெல்லாம் பாக்கணும். பழைய ரிப்போர்ட் இருக்கா?"

"வீடு மாறும்போது தூக்கிப் போட்டுட்டேன். அதை வெச்சு மாலை போட்டுக் கும்பிடவா?"

"அது இல்லாம சொல்ல முடியாதுங்க. சிலருக்கு முழுசா எடுக்கறதுதான் சரி. உங்களுக்கும் அப்படி இருந்திருக்கலாம்."

"இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்" என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். பிறகு, "உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றார்.

"அது எனக்கே தெரியும். அதுக்கு நீங்க படிச்சு வந்து சொல்லணுமா?"

எடை மெஷினில் தெரியாமல் கால் வைத்த புருஷன், அது கிறீச்சிட்டதும் திடுக்கிட்டு இறங்கினான். டாக்டரம்மா சின்னவளைப் பார்த்தார்.

சின்னவளுக்கு ஆத்திரமாக வந்தது. தன் கட்டி, தன் மார்பு, தன் முடிவு. அந்த அறைக்குள்ளும் அது அக்காளின் கதையாகிவிட்டது. சின்னது என்று சொன்னால் அக்காளின் கன்னத்தில் அறைந்த மாதிரி. பெரியது என்று சொன்னால், பதினோரு வருடத்துக்கு முன் வராண்டாவில் நடந்ததே இப்போது அறைக்குள் நடந்த மாதிரி. இன்னும் ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விடலாம். ஒரு வாரம் கழித்தும் இதே நாற்காலி, இதே அக்காள்.

"சின்னதே பண்ணிடுங்க" என்றாள். "எனக்கு அது வேணும். வேற காரணம் ஒண்ணும் இல்ல."

"வேற காரணம் வேணாம்" என்றார் டாக்டரம்மா.

பெரியவள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

மறுநாள் லாண்டரியில் பெரியவள் தலையணை உறை, துண்டு என்று தனியாளாக முடிகிறதையெல்லாம் மடித்து முடித்தாள். அதன் பிறகு விரிப்புதான் மிச்சம். மெஷினை நிறுத்திவிட்டுச் சின்னவள் வந்து எதிரில் நின்றாள். ஆளுக்கொரு நுனி பிடித்து நீளவாக்கில் இழுத்தார்கள். பெரியவள் வேண்டுமென்றே வெடுக்கென்று இழுத்தாள். நுனி விரலில் சுட்டது. சின்னவள் விடவில்லை.

மடிப்புக்காக நடந்துவந்து முகத்துக்கு முகம் நின்றபோது பெரியவள் கேட்டாள். "எனக்கு அது தேவையாத்தான் இருந்திருக்கும். இல்ல?"

ஆமாம்க்கா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வாய்வரை வந்தது.

"தெரியலக்கா."

பெரியவள் உறை மாட்டிய கையால் நான்கு மூலையையும் வாங்கிக்கொண்டாள். "ஆமான்னு சொல்லியிருந்தா அறைஞ்சிருப்பேன்."

"கோபமா இருக்கியா?"

"இருக்கேன். உன் மேலயும்தான். அது போகாது, போகணும்னு நீ கெஞ்சவும் வேணாம்."

"கெஞ்சல."

"கரண்ட் வெக்க தினம் போகணும்னாங்களே, அப்ப மெஷின்ல யாரு நிக்கறது? அதைக் கேட்டியா முதலாளிகிட்ட? எல்லாத்தையும் பேசுவா, ஆக வேண்டியதைப் பேசமாட்டா." மடித்த விரிப்பை அடுக்கின் மேல் பொத்தென்று வைத்துவிட்டு அடுத்ததை உதறினாள். "பிடி. மூலையைப் பாத்துப் பிடி."

சின்னவள் பிடித்தாள்.