லவால் தோட்டத்துக் கதண்டுகள்

வியாழக்கிழமை மாப்பிள்ளை பிரான்சுக்குக் கிளம்புகிறான், அதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு ஞாயிறு. ஹிபாவுக்குக் காலையிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துப்பட்டாவை மூன்று தடவை மாற்றினாள். மூன்றாவதாகப் போட்டது முதலில் கழற்றி வைத்ததுதான்.

கூடத்தில் தட்டு ஏந்திப் போய் நிற்க மாட்டேன் என்று அவள் அடம்பிடித்ததால்தான் அவள் அத்தா தாஜுதீன் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி விழுப்புரம் ரோட்டில் அரைமணி நேரம் போனால் லவால் தோட்டம். ஒரு காலத்தில் அவுரி வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரக் குடும்பத்தின் பங்களா அது. பின்னால் அறுபது ஏக்கருக்குக் காடு. சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் சுற்றிப் பார்க்கலாம்.

"நாலு பேர் வந்து போற எடம். நடந்துகிட்டே பேசிக்கலாம்" என்றார் அத்தா. அம்மா கனீஸ் பாத்திமாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "பொண்ணு பாக்கறதுக்கு யாராவது காட்டுக்குப் போவாங்களா?" என்று கார் ஏறும்வரை முணுமுணுத்தார்.

மாப்பிள்ளை அஸாருதீனும் அவன் அம்மா மஹீராவும் முன்னதாகவே வந்து வாசலில் காத்திருந்தார்கள். அவன் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே அந்த நாட்டுக் குடியுரிமை. அவன் லியோன் நகரத்தில் டிராம் ஓட்டுகிறான். உயரமாக, கொஞ்சம் கூனலாக இருந்தான். சலாம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தான்.

வழிகாட்டி செந்தமிழ்ச்செல்வி அவர்களை அறை அறையாகக் கூட்டிப்போனார். கறுப்பும் வெள்ளையுமாகப் பூப்போட்ட தரை, ஒரு கால் உடைந்து செங்கல்லில் நிற்கும் பெரிய மேஜை, ஆளுயரக் கண்ணாடி. மஹீரா ஒவ்வொன்றுக்கும் "எங்க வீட்ல அங்க இதே மாதிரிதான்" என்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். ஹிபா ஜன்னல் ஜன்னலாக நகர்ந்துகொண்டிருந்தாள். எந்த ஜன்னலில் பார்த்தாலும் மரம்.

பங்களாவின் பின்கட்டில் பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"மரத்துல செவப்பு பெயிண்ட் அடிச்சிருக்கும், அதையே பாத்துப் போங்க. இருவது நிமிஷத்துல சுத்தி இங்கயே வந்துடும்" என்றார் செந்தமிழ்ச்செல்வி. "ஒண்ணே ஒண்ணு. கொடியோ கெளையோ எதையும் புடிச்சு இழுக்காதீங்க."

செம்மண் பாதை. இலுப்பையும் வேம்பும் பேர் தெரியாத மரங்களும் வெயிலை மறைத்திருந்தன. ஆனாலும் புழுங்கியது. ஹிபா வேகமாக நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"அங்கயே பொண்ணு கெடைக்கலயா உங்களுக்கு?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"அம்மாவுக்கு இங்கதான் பாக்கணும்னு."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான்."

அவ்வளவுதான். வேலையைப் பற்றிக் கேட்டாள். நல்ல வேலை என்றான். குளிரைப் பற்றிக் கேட்டாள், பழகிவிடும் என்றான். மனப்பாடம் செய்து வந்தவன் மாதிரி இருந்தது. இருபத்தேழு வயதில், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலையை விட்டுவிட்டு, இந்த ஆளோடு முன்பின் தெரியாத ஊருக்கா? வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். முடிவு செய்ததும் சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்ற தவிப்பு வந்தது.

அப்போதுதான் பாதையின் குறுக்கே காய்ந்த கொடி ஒன்று வலைபோலத் தொங்கியது.

"வேணாம், சுத்திப் போயிடலாம்" என்றான் அவன்.

அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். மேலே எதுவோ பொத்தென்று உடைந்தது. மோட்டார் ஓடுவதுபோல ஒரு இரைச்சல். கட்டைவிரல் நீளத்துக்கு, மஞ்சள் பட்டை போட்ட கதண்டுகள் கூட்டை விட்டுக் கொட்டின.

முதல் கொட்டு கழுத்தில் விழுந்தது. "ஏங்க!" என்று கத்தினாள். அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்தான். "ஏங்க, நில்லுங்க!" மறுபடியும் கத்தினாள். வேர் தடுக்கி விழுந்தாள். துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு சருகில் முகம் புதைத்துச் சுருண்டாள். காதோரம், மணிக்கட்டு, கண் இமை. வலி நெருப்பாய் இறங்கியது. உயிர் போகும் நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்ல வாயெடுத்தாள், நாக்கு எழவில்லை.

எவ்வளவு நேரமென்று தெரியாது. ஈரச் சாக்கு ஒன்று அவள்மேல் விழுந்தது. செந்தமிழ்ச்செல்வியின் குரல். பிறகு இரண்டு கைகள் அவளைத் தூக்கின. தூக்கியவன் மூச்சு வாங்குவது கேட்டது. அவனையும் கொட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு எட்டுக்கும் முனகினான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலம்வரை படுக்க வைத்தார்கள். ஹிபாவின் ஒரு கண் முழுதாக மூடிவிட்டது. கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள்.

"ஏழெட்டுக் கொட்டு வாங்கிக்கிட்டு எம்புள்ளதான் தூக்கிட்டு வந்தான்" என்றார் மஹீரா. "அல்லாவே காட்டிட்டான், இவளுக்கு இவன்தான்னு." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

"இல்லம்மா" என்றான் அஸாருதீன். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. "நான் அவங்கள விட்டுட்டு ஓடிட்டேன். ரெண்டு தடவ கூப்ட்டாங்க. ரெண்டும் கேட்டுச்சு. பங்களா வரைக்கும் ஓடின பிறகுதான் நின்னேன்."

மஹீராவின் முகம் வெளுத்துவிட்டது. "என்னடா உளர்ற?"

"நான்தான் கொடியை இழுத்தேன்" என்றாள் ஹிபா படுக்கையிலிருந்து. "வேணாம்னு சொன்னாரு. கேக்கல."

அவர்கள் கிளம்பிப் போன பிறகு அம்மா வெடித்தார். "தனியா விட்டுட்டு ஓடினவன்! நாளைக்கு அந்நிய ஊர்ல ஒண்ணுன்னா?" அத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார்.

திங்களும் செவ்வாயும் ஹிபா வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அறைக்கும் மாடிக்கும் அலைந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. ஆனால் நிலைக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் அத்தாவிடம் நம்பரைக் கேட்டு வாங்கினாள்.

"கூப்ட்டது கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் போனில்.



"உங்களுக்குத் தெரியுமே" என்றான்.

அவள் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குள்ள என்னால பதில் சொல்ல முடியாது" என்றாள். "சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. நீங்க போய்ச் சேருங்க. போன் பண்ணுங்க. பேசிப் பாப்போம். கேட்டதுக்குக் கேட்டபடி பதில் சொல்லணும், அவ்வளவுதான்."

"பயந்துட்டேன்னா, பயந்துட்டேன்னு சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீங்கிய கன்னம் வலித்தது.

ராத்திரி சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். அம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அத்தா மட்டும் கையைக் கழுவிவிட்டு வந்து, மஹீராவுக்குப் போன் போட்டார். "பொண்ணு டைம் கேக்குது. எத்தன மாசம்னு நான் கேக்கப் போறதில்ல. உங்களுக்குச் சம்மதம்னா காத்திருங்க" என்றார்.

வியாழக்கிழமை அவன் கிளம்பிப் போனான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அத்தா புறப்பட்டுக்கொண்டிருந்தபோது ஹிபாவின் போன் அடித்தது. அவள் அம்மாவின் எதிரிலேயே எடுத்தாள்.